அடுத்தது உங்க மேட்ச்தான்

தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை என்று எந்தப் பக்கம் போனாலும், கோயில் கொடைக் காலத்திலும் பொங்கலை ஒட்டியும் ஒரு ஃபிளெக்ஸ் கண்ணில் படும்: ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’. முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் உபயம், நுழைவுக் கட்டணம் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். பரிசு தருபவர்களின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கும். ஆட வருகிறவனுக்கு வேண்டிய தகவல் மட்டும் இருக்காது: என் ஆட்டம் எத்தனை மணிக்கு?

கமிட்டி மேசையில் போய்க் கேட்கலாம். “அண்ணாச்சி, எங்க மேட்ச் எப்போ?” “இந்தா, அடுத்தது உங்களுதுதான் தம்பி.” அந்த ‘அடுத்தது’ மூன்று மணி நேரம் நீளும்.

அண்ணாச்சியைக் கோபித்துப் பயனில்லை. சரியான நேரம் அவருக்கே தெரியாது. நாற்பது அணிகளை ஒரே களத்தில் மோதவிட்டு ஒரு வெற்றியாளரைக் கண்டுபிடிக்கும் வேலைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. களத்தில் இருபது நிமிடம் ஆடுவதற்காக ஓர் இளைஞன் இரண்டு இரவுகளைக் கொடுக்க வேண்டியிருப்பது அந்தக் கணக்கின் விளைவு.

முதலில் எளிய கேள்வி. தோற்ற அணி வெளியேற வேண்டும் என்ற நாக் அவுட் முறையில் 40 அணிகளுக்கு எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கால் இறுதி என்று கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். தேவையில்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஓர் அணி மிஞ்ச வேண்டுமானால் 39 அணிகள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே 39 ஆட்டங்கள். லாட்டை எப்படிப் போட்டாலும், யாருக்கு ‘பை’ (ஆடாமலே அடுத்த சுற்று) கொடுத்தாலும் இந்த எண் மாறாது. ஆயிரம் அணிகள் வந்தால் 999.

இதிலிருந்தே அடுத்த வியப்பும் கிடைக்கிறது. 39 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு இரண்டு அணி வீதம் 78 முறை அணிகள் களம் இறங்குகின்றன. நாற்பதால் வகுத்தால் 1.95. எத்தனை அணிகள் வந்தாலும் சரி, நாக் அவுட்டில் ஓர் அணிக்குச் சராசரியாகக் கிடைப்பது இரண்டுக்கும் குறைவான ஆட்டங்களே. கோப்பை வாங்குகிற அணி ஐந்தாறு ஆட்டம் ஆடுகிறது என்றால், ஒரே ஆட்டத்தோடு வேன் ஏறும் கூட்டம் அந்தச் சராசரியை இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள்.

இனி கடிகாரத்தைக் கொண்டுவருவோம். ஆண்கள் கபடியின் முழு ஆட்டம் இரண்டு இருபது நிமிடப் பாதிகளும் நடுவில் ஐந்து நிமிட இடைவேளையும். ஊர்ப் போட்டிகளில் இதைச் சுருக்கிக்கொள்வார்கள். பத்துப் பத்து நிமிடம் என்று வைத்து, இடைவேளை, டாஸ், களத்தைச் சரிசெய்தல் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு அரை மணி. 39 அரை மணிகள் என்றால் பத்தொன்பதரை மணி நேரம். சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கினால் மறுநாள் பகல் ஒன்றரைக்கு முடியும். வெயிலில் யார் நிற்பார்கள்? அதனால் இரண்டு இரவாகப் பிரிக்கிறார்கள்.

40 அணிகளை 32 ஆக்க முதல் சுற்றில் 8 ஆட்டங்கள் போதும். அதில் 16 அணிகள் மோதும்; மிச்சம் 24 அணிகளுக்குப் ‘பை’. லாட்டில் பை விழுந்தால் கைதட்டல் எழும், ஒரு சுற்று மிச்சம் என்று. ஆனால் இரண்டாம் சுற்றில் 16 ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் இரவு ஆறிலிருந்து விடிகாலை நாலு வரை நடத்தினாலும் 20 ஆட்டங்களே முடியும்: முதல் சுற்றின் எட்டும் இரண்டாம் சுற்றில் பன்னிரண்டும். பாக்கி நாலு ஆட்டம் மறுநாளைக்கு. பை வாங்கிய அணி ஒன்று அந்த நாலில் மாட்டிக்கொண்டால், மாலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு செய்து, பத்து மணி நேரம் காத்திருந்து, ஒரு ரெய்டுகூடப் போகாமல் “நாளைக்கு வாங்க தம்பி” என்ற பதிலோடு திரும்ப வேண்டும். அதிர்ஷ்டம் என்று நினைத்தது இப்படி வந்து முடியும்.

இரண்டாம் இரவில் 19 ஆட்டங்கள். அதே ஆறு மணிக்குத் தொடங்கினால் அரை இறுதிகள் இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும். இறுதிப் போட்டி சரியாக அதிகாலை மூன்றுக்கு. அதிலும் ஒரு அநியாயம்: முதல் அரை இறுதியில் வென்றவர்களுக்கு அரை மணி ஓய்வு உண்டு, இரண்டாவதில் வென்றவர்களுக்கு மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. கமிட்டி இரக்கப்பட்டு இறுதியைத் தள்ளிவைத்தால் மணி மூன்றரை ஆகும்.

இதெல்லாம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாமல் நடந்தால். நடக்குமா?

தாமதத்தின் குணம் விசித்திரமானது. சில ஆட்டங்கள் ஐந்து நிமிடம் முன்னாலும் சில ஐந்து நிமிடம் பின்னாலும் முடிந்து ஒன்றையொன்று ஈடுகட்டினால், 39 ஆட்டங்களின் முடிவில் கூட்டு விலகல் பெரும்பாலும் அரை மணியைச் சுற்றித்தான் இருக்கும். புள்ளியியலில் இத்தகைய விலகல்கள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளரும். ஆனால் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் அந்த மிச்ச நேரம் யார் கைக்கும் வருவதில்லை. அடுத்த அணி டீக்கடையில் இருக்கும். மைக்கில் ‘கடைசி அழைப்பு’ மூன்று முறை கேட்கும். ஆட்டம் நீண்டாலோ அது அப்படியே அடுத்த ஆட்டத்தின் தலையில் ஏறும். வரவு கிடையாது, பற்று மட்டும் உண்டு. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இரண்டு இரவுகளில் மூன்றே கால் மணி நேரம் காணாமல் போகும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

சீசனில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் பேரருவிக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீருக்கடியில் நிற்க இடம் இத்தனை பேருக்குத்தான். ஒருவர் கொஞ்சம் கூடுதலாக நின்றால் அந்தக் கூடுதல் முழுவதும் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். போலீஸ்காரரின் விசில்தான் ஒரே தீர்வு. கபடிக்கு அந்த விசில் ஆட்ட விதியிலேயே இருக்கிறது. ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி, அதற்கு மேல் இல்லை. கபடி ஆட்டம் எப்போது முடியும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். வாலிபால் அப்படியல்ல. பழைய விதியில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருந்தால் புள்ளிப் பலகை அசையாமல் நேரம் ஓடும். ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில் சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு அந்த விதியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்று மாற்றியதற்குத் தொலைக்காட்சி நேரமும் ஒரு காரணம். டென்னிஸ் இன்னும் மோசம். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மாயூவும் ஆடிய ஆட்டம் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஓடி, கடைசி செட் 70-68 என்று முடிந்தது. அன்று அதே களத்தில் ‘அடுத்த ஆட்டம்’ என்று குறித்து வைக்கப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

களங்களைக் கூட்டினால் என்ன? கூட்டலாம். இரண்டு களங்கள் என்றால் 39 அரை மணிகள் 20 ஆகிவிடும். நாலு களங்கள் என்றால் 11. பதினாறு களங்கள் அமைத்தால் 6. அதற்குமேல் நூறு களம் போட்டாலும் ஆறுக்குக் கீழே ஒரு நொடி குறையாது. ஏனென்றால் கால் இறுதி முடியாமல் அரை இறுதி இல்லை. அரை இறுதி முடியாமல் இறுதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்ற சங்கிலி, ஆறு கண்ணிகள் கொண்டது. கணினித் துறையில் இதே உண்மையை ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னார். எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும், வரிசையாகச் செய்தே ஆகவேண்டிய பகுதி வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிடும் என்பது அவர் வாதம். சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களும் ஆலங்குளத்துக் கமிட்டியும் முட்டி நிற்கும் சுவர் ஒன்றேதான்.

எல்லோரும் எல்லோரோடும் மோதட்டும் என்று லீக் முறைக்குப் போனால்? 40 அணிகளுக்கு 780 ஆட்டங்கள். ஒரே களத்தில் இரவு பகல் நிற்காமல் நடத்தினால் பதினாறு நாள் தாண்டும். 12 அணிகள் கொண்ட புரோ கபடியில், 2019இல் ஒவ்வோர் அணியும் மற்றவற்றோடு இரண்டு முறை மோத 132 லீக் ஆட்டங்கள் தேவைப்பட்டன. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களுக்கு அது சரிப்படும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைச் சதுரங்கக்காரர்கள் பிடித்தார்கள். 1895இல் சூரிச் நகரில் முதலில் கையாளப்பட்டதால் அதற்கு ‘சுவிஸ் முறை’ என்று பெயர். யாரும் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதுகிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில் 188 அணிகள் ஆடின. லீக் என்றால் 187 சுற்றுகள், நாளைக்கு ஒன்றாக ஆறு மாதம் ஆகியிருக்கும். பதினொரு சுற்றுகளில் முடித்தார்கள். பிள்ளையை ஒருநாள் சதுரங்கப் போட்டிக்குக் கூட்டிப்போய்ப் பள்ளி மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு இதன் மறுபக்கம் தெரியும். எல்லா மேசைகளிலும் ஆட்டம் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. ஆனால் கடைசி மேசை முடியும் வரை அடுத்த சுற்றின் ஜோடிகளைப் போட முடியாது. தம் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் தோற்றிருந்தாலும், நூறு மேசைகளில் மிக மெதுவாக யோசிக்கும் அந்த ஒருவனுக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும். சதுரங்கத்துக்குத் தேவை மேசை மட்டும், அதனால் இது நடக்கிறது. கபடியில் ஒரு சுவிஸ் சுற்று என்பது ஒரே களத்தில் இருபது ஆட்டம், பத்து மணி நேரம்.

நம் பக்கம் அதிகம் பேர் கேள்விப்படாத ஓர் ஆட்டம் இந்தச் சிக்கலை முற்றிலும் வேறு வழியில் தாண்டிப் போகிறது. டிஸ்க் கோல்ஃப். பிளாஸ்டிக் தட்டை வீசிச் சங்கிலிக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றியாளர். எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1976இல் இதற்கொரு சங்கம் தொடங்கினார். வழக்கமான மைதானத்தில் 18 கூடைகள். போட்டி நாளில் நாலு பேர் கொண்ட 18 குழுக்களை 18 கூடைகளின் தொடக்க இடங்களிலும் நிறுத்தி, ஒரே சைகையில் எல்லோரையும் தொடங்க வைப்பார்கள். எல்லோரும் வட்டமாகச் சுற்றி வந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிப்பார்கள். பத்து நிமிட இடைவெளியில் முதல் கூடையிலிருந்தே ஒவ்வொரு குழுவாக அனுப்பினால், கடைசிக் குழு கிளம்பவே 170 நிமிடம் ஆகியிருக்கும். 72 பேரையும் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் தரவரிசைப்படுத்திவிட முடிவதன் ரகசியம், அங்கே யாரும் யாரோடும் மோதுவதில்லை என்பது. எல்லோருக்கும் எதிராளி மைதானம்தான். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறது, ஒரே நாளில் இரண்டு சுற்று வைப்பார்கள் என்பதால். 18 கூடைக்கு 18 குழு என்று இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிட்டால், ஒரு மந்தக் குழு போதும் மொத்த வட்டத்தையும் நிறுத்திவைக்க.

கபடியில் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 13 மீட்டருக்குப் பத்து மீட்டர் களத்தில் ஒரு நேரத்தில் இரண்டு அணிகள்தான். ஆகவே களம் ஒன்றுதான் என்றால் கமிட்டியின் கையில் இருக்கும் ஒரே பிடி ஆட்ட நேரத்தைக் குறைப்பது. அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

ஒரு போட்டி என்பது ஓர் அளவுகோல். யார் நல்ல அணி என்று அளந்து பார்க்கிறோம். கபடி ஆட்டத்தை மிகவும் எளிமையாக்கி, ஒவ்வொரு ரெய்டும் ஒரு சிறு பந்தயம், அதில் நல்ல அணிக்கு நூற்றுக்கு 55 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முப்பது நொடிக்கு ஒரு ரெய்டு என்றால் முழு நாற்பது நிமிடத்தில் 80 ரெய்டுகள். அப்போது பலவீனமான அணி வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இருபது நிமிடமாகச் சுருக்கினால் 40 ரெய்டுகள். வாய்ப்பு நாலில் ஒன்றைத் தாண்டுகிறது. ஓர் ஆட்டத்தில் இது சின்ன வித்தியாசம். ஆறு சுற்றுகள் தொடர்ந்து வெல்ல வேண்டும் என்னும்போது பெருகுகிறது. முழு ஆட்டம் என்றால் எல்லோரையும்விட அந்த அளவுக்கு மேலான அணி பத்தில் மூன்று முறை கோப்பையைத் தூக்கும். பாதி ஆட்டம் என்றால் ஆறில் ஒரு முறைதான். இன்னொரு விதமாகச் சொன்னால், ஆறில் ஐந்து முறை கோப்பை வேறு யாருக்கோ போகிறது. ‘லக்குல ஜெயிச்சுட்டானுவ’ என்று தோற்றவர்கள் வேனில் புலம்புவதில் கணக்கு ஓரளவு அவர்கள் பக்கம்தான்.

பார்ப்பவர்களுக்கு இது குறையே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். செங்கோட்டைப் பக்கத்து அறிமுகமில்லாத அணி ஒன்று பெயர்பெற்ற அணியைக் கவிழ்க்கும் என்ற நம்பிக்கையில்தான் கூட்டம் கண்விழிக்கிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது மணி மூன்று. மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு உடலின் தினக் கடிகாரத்தை நடத்துகிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரப்படி உடலின் உள்வெப்பம் மாலையில் உச்சத்துக்கு ஏறி, விடிகாலை நாலு ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வித்தியாசம் ஒரு டிகிரி அளவுதான். ஆனால் தசையின் வேகம், பிடியின் வலு, எதிர்வினை நேரம் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. ஃபோகஸ் லைட் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஒரே இரவில் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. ஆக, யாரும் பொருட்படுத்தாத முதல் சுற்று ஆட்டம் உடல் உச்சத்தில் இருக்கும் மாலை ஆறரைக்கு நடக்கிறது. சுழற்கோப்பைக்கான ஆட்டம் உடல் அடிமட்டத்தை நோக்கி இறங்கும் நேரத்தில் நடக்கிறது. கணுக்காலைப் பிடித்து மடக்கும் ஆட்டம் இது, முழங்காலுக்கு இரக்கம் காட்டாது.

காத்திருப்பே தனியாக ஒரு சுமை. ஓடிக் குதித்துச் சூடேற்றிய தசை சும்மா உட்கார்ந்தால் ஆறிவிடும். கால்பந்து வீரர்களை அளந்தவர்கள், பதினைந்து நிமிட இடைவேளையிலேயே தொடைத் தசையின் வெப்பம் இரண்டு டிகிரி வரை இறங்குவதையும், அதனால் ஓட்ட வேகம் குறைவதையும் கண்டிருக்கிறார்கள். ‘அடுத்தது உங்களுதுதான்’ என்று நாலு முறை கேட்டு நாலு முறை சூடேற்றிய பையன், ஐந்தாவது முறை உண்மையிலேயே கூப்பிடும்போது பெஞ்சில் சாய்ந்திருப்பான். செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றும் சேர்ந்துகொள்ளும். சங்கரன்கோவில் பக்கம் அந்தத் தொல்லை இல்லை, புழுதிதான்.

ஆட்டம் முடிந்தும் நேரக் கணக்கு முடிவதில்லை. வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், மரக்கடையிலும் காய்கறி மண்டியிலும் நிற்கிறவர்கள் எல்லோரும் உண்டு. அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற கணேசனைப் போல ஒருவர் எப்போதாவது வருவார். மற்றவர்கள் காலை எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். அதனால் பரிசளிப்பு முடிந்ததும் வேன் கிளம்பும். ஓட்டுகிறவர் முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர் என்றால், இருபத்திரண்டு மணி நேரமாக விழித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரத்தில் அது 0.10க்குச் சமம். இந்தியச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. நம் ஓட்டுநர் இரவு பதினொரு மணிக்கே அந்த வரம்பைத் தாண்டிவிட்டார், டீ மட்டும் குடித்துவிட்டு.

இதற்கு ஒரு மாற்று அட்டவணை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது களம் ஒன்று, முழு நேரத்துக்கும் அல்ல, முதல் மூன்று சுற்றுகளுக்கு மட்டும். அப்போது முதல் இரண்டு சுற்றின் 24 ஆட்டங்களும் முதல் நாள் ஆறிலிருந்து நள்ளிரவுக்குள் முடிகின்றன. 24 அணிகளுக்கு மறுநாள் வேலையே இல்லை. பை வாங்கி ஆடாமல் திரும்பும் அணியும் இல்லை. இரண்டாம் நாள் மிச்சம் 16 அணிகள் மட்டும் வந்தால் போதும். எட்டு மணிவரை இரண்டு களங்களில் மூன்றாம் சுற்று. பிறகு, கூட்டம் பிரிந்து நிற்காமல் இருக்க, ஒரே களத்தில் கால் இறுதிகள் பத்து மணிவரை, அரை இறுதிகள் பதினொன்றுவரை. இறுதி ஆட்டம் பதினொரு மணிக்கு. கூடுதலாக வேண்டியது இன்னொரு களத்துக்கு மண், நாலு விளக்கு, ஒரு நடுவர் குழு. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் சறுக்கினாலும் முதல் நாள் ஒரு மணி நேரம்தான் தள்ளும். மறுநாள் கணக்கு ஆறு மணியிலிருந்து புதிதாகத் தொடங்கும். பொன்னாடைகளை முதல் நாளே போர்த்திவிட்டால் அதுவும் குறையும்.